தலையை விட்டுவிட்டு அடியுங்கள்

என் பெருமையை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அடக்கமாக இருந்தால் நல்ல பெண் என்பார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். ராயக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரில் பாம்பு அடிப்பவர்கள் யாரும் அதன் தலையை நசுக்க மாட்டார்கள். கழுத்துக்குக் கீழே அடிப்பார்கள். அந்தப் பழக்கம் என்னால் வந்தது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அறுபதுகளின் கடைசி அது. சேலத்தில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. தக்காளியும் ராகியும் விளைகிற கொஞ்சம் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அதில் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் அவர் முழிப்பார். "ஏதோ தவளைய அறுக்கறாங்களாம்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

எனக்குப் பாடத்திலேயே மிகவும் பிடித்தது அறுப்பது இல்லை, இனம் காண்பது. பெயர் தெரியாத ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, அதன் இனத்தைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருந்தது. 'கீ' என்பார்கள். தமிழில் இனங்காணும் திறவுகோல். ஒவ்வொரு படியிலும் இரண்டே வழி. ராயக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இந்தப் பக்கம் ஓசூர், அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி என்று இருக்கிறதே, அது மாதிரிதான். கால் இருக்கிறதா? இருந்தால் இப்படிப் போ. இல்லையென்றால் அப்படிப் போ. ஆறு காலா, எட்டுக் காலா? இறக்கை உண்டா? நடுவில் ஒரு கேள்வியில் தப்பாகத் திரும்பினால் கடைசியில் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். அதனால் எந்தக் கேள்வியையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. இது எவ்வளவுதான் எளிது என்று தோன்றினாலும், அவசரக்காரர்களுக்கு வராது. நான் எல்லாவற்றிலும் அவசரக்காரி, இதில் மட்டும் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் என்னோடு விளையாட ஆள் இருந்தது. என் அண்ணி. ஆனேக்கல் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம் பேசுகிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தமிழில் பாதி புரியாமல் சிரித்தே சமாளித்தவள். எனக்கும் அவளுக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்றுதான். கொட்டாங்குச்சிக்கு அடியில் எதையாவது கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் பார்க்காமல் கேள்வி கேட்க வேண்டும், அவள் உள்ளே எட்டிப் பார்த்து ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒருநாள் மாட்டிலிருந்து பிடுங்கிய உண்ணியை வைத்துவிட்டாள். காலை எண்ணிச் சொல்லு என்றேன். எட்டு என்றாள். அப்படியானால் அது பூச்சியே இல்லை, சிலந்திக் கூட்டம் என்று சொல்லி இன்னும் சில கேள்வி கேட்டு உண்ணியில் போய் நின்றேன்.

"அப்ப சிலந்தியும் உண்ணியும் பங்காளிங்களா?" என்றாள்.

"ஆமா அண்ணி. தேளும் அவங்க பங்காளிதான்."

"தேளு மாதிரி பங்காளின்னா எனக்கும் தெரியும். எங்கூர்ல நெறய பேரு இருக்காங்க."

இரண்டு நாளில் அவளே ஒரு கீ தயாரித்துவிட்டாள், என் அம்மாவின் கோபத்துக்கு. "அத்தை பாத்திரத்த சத்தமா வெக்கறாங்களா? ஆமான்னா, என் மேல கோவம். இல்லன்னா, பேசறாங்களா பாரு. பேசுனா, உன் மேல கோவம். பேசலன்னா, உங்கண்ணன் மேல." சோதித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் தனிப் பிரியம் வந்தது அதற்குப் பிறகுதான்.

பாம்புக்கு ஒரு கீ உண்டு. விலங்கியல் படிக்கிற எல்லோரும் மனப்பாடம் செய்வது அது. விஷப் பாம்பா, விஷமில்லாததா என்று கேள்வி கேள்வியாகப் பிரித்துக்கொண்டே போகும். முதல் கேள்வி வாலைப் பற்றியது. வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கிறதா? இருந்தால் கடல் பாம்பு. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் முதல் கேள்வி அதுதான். அடுத்தது அடிவயிற்றுச் செதில். பிறகு தலைச் செதில்கள், உதட்டுச் செதில்கள், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் குழி என்று பெரும்பாலான கேள்விகள் தலையில்தான் இருக்கும். எங்கள் பேராசிரியை ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து பாம்பை எடுத்து ஈரத்தோடு கையில் கொடுப்பார். மற்ற பெண்கள் முகத்தைச் சுளிக்கும்போது நான் வாலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் ரயில் பாதைக்கு மண் வெட்டிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கரைகளும் பாறை இடுக்குகளும் உடைபட்டதில் உள்ளே குடியிருந்ததெல்லாம் வீடுகளைத் தேடி வர ஆரம்பித்தன. வாரம் தவறாமல் யாராவது பாம்பு அடித்தார்கள். அடித்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். தலையைக் கல்லால் கூழாக நசுக்குவார்கள். அடித்தவனின் முகம் பாம்பின் கண்ணில் பதிந்துவிடுமாம், அந்தக் கண்ணைப் பார்த்து அதன் ஜோடி வந்து பழிவாங்குமாம். அதனால் கண் இருக்கக் கூடாது. பிறகு பால் ஊற்றி, ஒரு செப்புக் காசு போட்டு எரிப்பார்கள். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நசுங்கிய தலையைப் பார்த்து வயிறெரிவேன். படிக்கக் கொடுத்த புத்தகத்தில் முக்கியமான பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தந்த மாதிரி இருக்கும்.

நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒருநாள், விடிந்துகொண்டிருந்தது. அண்ணி பாயைச் சுருட்டப் போனபோது அதன் அடியிலிருந்து பாம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் கடப்பாரையால் அடித்தார். நான் போவதற்குள் தலை மண்ணோடு மண்ணாகியிருந்தது. அதன் பிறகுதான் அண்ணி, தூக்கத்தில் கையில் எறும்பு கடித்த மாதிரி இருந்ததாகச் சொன்னாள். முழங்கைக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்தன. வீக்கம் இல்லை. வலிக்கவும் இல்லை.

அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். விஷக்கடிக்கு வேர் கட்டுகிற பெரியவரை அண்ணன் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அவர் நிதானமான மனிதர். வேப்பிலையைப் பறித்து அண்ணியை மென்று பார்க்கச் சொன்னார்.

"கசக்குதா தாயி?"

"கசக்குதுங்க."

"கசந்தா வெசம் ஏறல. வெசம் ஏறுனா இனிக்கும். இது ஓட்டுல பல்லி புடிக்குமே, அந்த வரிப்பாம்பு. ஒண்ணும் பண்ணாது. வேல வெட்டியப் பாருங்க."

அம்மாவுக்கு உயிர் வந்தது. அண்ணி அடுப்பங்கரைக்குப் போய்க் களிக்கு உலை வைத்தாள். அக்கம்பக்கத்தார் கலைந்தார்கள். அந்தப் பெரியவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவர் கையிலும் ஒரு கேள்வி இருந்தது, ஆமாம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். ஆனால் அவர் கேட்டது அண்ணியின் நாக்கை. பாம்பை யாரும் கேட்கவில்லை.

நான் வாசலில் கிடந்த பாம்பின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்தமும் செம்மண்ணும் அப்பி நிறமே தெரியவில்லை. வெள்ளை வரிகள் கொஞ்சம் தெரிந்தன. பல்லி பிடிக்கிற சாதுப் பாம்புக்கும் வரி உண்டு, ஆளைக் கொல்லும் கட்டுவிரியனுக்கும் வரி உண்டு. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது என்று படித்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு குண்டானில் தண்ணீர் மொண்டு வந்து பாம்பைக் கழுவினேன். வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன்.

"அது என்னா பண்ற?" என்று அம்மா கத்தினாள். "களி கிண்டற குண்டானாச்சேடி!"

"வாலைப் பாக்கறன். தட்டையா உருண்டையான்னு."

"எதுக்கு?"

"தட்டையா இருந்தா கடல் பாம்பு."

அம்மா என்னை அடிக்க வந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியையும் தாண்டக் கூடாது. வால் உருண்டை. அடுத்து வயிறு. அடிவயிற்றுச் செதில்கள் அகலப் பட்டைகளாக வயிற்றை முழுக்க அடைத்திருந்தன. சின்னச் சின்னதாக இருந்திருந்தால் அங்கேயே நிம்மதியாக எழுந்திருப்பேன். எழ முடியவில்லை. அடுத்த கேள்வி தலை. தலை இல்லை.

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை.

"யாரு உன்னய தலைய நசுக்கச் சொன்னது? அதுல இருந்ததெல்லாம் போச்சு!"

"பாம்ப அடிக்காம மடியில வெச்சுக் கொஞ்சச் சொல்றியா?"

மறுபடி குனிந்தேன். தலைக்கான கேள்விகளுக்கு அப்பால், கீயின் கடைசியில், கட்டுவிரியனுக்கு என்றே ஓர் அடையாளம் இருந்தது. முதுகின் நடுவே, கழுத்திலிருந்து வால் வரை ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியவை, ஆறு பக்கம் கொண்டவை. தலை போனால் என்ன, முதுகு இருக்கிறதே! ஈரத் துணியால் துடைத்துவிட்டு வெயிலில் திருப்பினேன். இருந்தது. தேனடையின் அறைகளை ஒரே வரிசையாக அடுக்கியது போல முதுகு நெடுக இருந்தது. அது போதாது என்று வாலின் அடிப்பக்கத்தையும் பார்த்தேன். சாதுப் பாம்புக்கு அங்கே செதில்கள் இரண்டிரண்டாகப் பிளந்திருக்கும். இதற்குப் பிளவு இல்லை, முழுசு முழுசாக ஒற்றை வரிசை. இரண்டு வழியும் ஒரே இடத்தில் கொண்டுபோய்விட்டன.

"கட்டுவிரியன்" என்றேன். "இப்பவே பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

யாரும் நகரவில்லை. அவர்கள் அப்போதுதான் பயத்திலிருந்து வெளியே வந்திருந்தார்கள், மறுபடி உள்ளே போக யாருக்கும் மனம் இல்லை. பெரியவரே சொல்லிட்டாரு என்றாள் அம்மா. வலிகூட இல்லையே, எதுக்கு அவளை அலைக்கழிக்கணும் என்றார் அண்ணன். பக்கத்து வீட்டு அக்கா, படிச்ச பொண்ணுங்களுக்கு எல்லாத்துக்கும் பயம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்று எனக்குத் தெரியும். அதை அந்த வாசலில் ஒருவர்கூட நம்பவில்லை. அந்த நிமிஷம் போல நான் என்றைக்கும் தனியாக நின்றதில்லை.

அண்ணி அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, எல்லாக் கேள்வியும் கேட்டியா?"

"தலையப் பத்துன கேள்வி மட்டும் கேக்க முடியல அண்ணி. மத்தது எல்லாம் கேட்டன். ரெண்டு தடவ பாத்தன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "நான் கொட்டாங்குச்சியில ஒளிச்சு வெச்சத இது ஒருநாளும் தப்பாச் சொன்னதில்லைங்க. போலாம்."

அவ்வளவுதான். அடுப்பை அணைக்கக்கூட நிற்கவில்லை. அண்ணன் வண்டி பூட்டினார். பாம்பைத் தகர டப்பாவில் போட்டு நான் மடியில் வைத்துக்கொண்டேன். ராயக்கோட்டை மண்டியில் பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிய லாரி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. விஷயத்தைச் சொன்னதும் டிரைவர், பக்கத்தில் இருந்த ஆளை இறக்கிவிட்டு அண்ணியை முன்னால் உட்கார வைத்தார். நானும் முன்னால் நெருக்கிக்கொண்டேன். அண்ணன் பின்னால் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தார்.

ஓசூர் வரைக்கும் அண்ணி பேசிக்கொண்டுதான் வந்தாள். டிரைவர் அவள் அம்மா வீட்டுப் பக்கத்துக்காரர் என்று தெரிந்து கன்னடத்தில் ஊர்க்கதை கேட்டாள். எனக்கே ஒரு கணம், தப்பாகச் சொல்லிவிட்டோமோ, ஊரே சிரிக்கப்போகிறதோ என்று இருந்தது. சிரிக்கட்டும், தப்பாகவே இருக்கட்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். ஓசூர் தாண்டியதும், "பாப்பா, தூக்கமா வருது, கண்ணு தொறக்க மாட்டேங்குது" என்றாள். இமை இரண்டும் பாதி கண்ணை மூடித் தொங்கின. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் லாரி நின்றபோது அவள் ஏதோ சொன்னாள், நாக்கு குழறி எந்த மொழி என்றே தெரியவில்லை. டிரைவர் இறங்கி ஓடி, காவலர்களிடம் கன்னடத்தில் கத்தித் தடுப்பை அவரே தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், எந்தப் பாம்பு, யார் பார்த்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். டப்பாவைத் திறந்தேன். தலையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். நான் பாம்பைத் திருப்பி முதுகு வரிசையைக் காட்டினேன், வாலின் அடியைக் காட்டினேன், பாடத்தில் படித்த வார்த்தைகளிலேயே சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே திரும்பி மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். நான் சொன்னதை என் முகத்தைப் பார்க்காமல் பாம்பைப் பார்த்து நம்பிய முதல் ஆள் அவர்.

அண்ணிக்கு மூச்சுத் திணறியது. ஊசி மருந்து வேலை செய்யும் வரை ஒரு ரப்பர்ப் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். ஊழியர்கள் போதாமல் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அண்ணனும் மாறி மாறி அழுத்தினோம். அண்ணன் பை அழுத்தும்போது அழுதுகொண்டே, "தலைய நசுக்கிட்டனே, தலைய நசுக்கிட்டனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துபோயிற்று. பொழுது சாயும் நேரத்தில் அண்ணியின் விரல் என் மணிக்கட்டில் லேசாக அசைந்தது. மறுநாள் இமை திறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னார். யார் கண்டுபிடித்தது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டதற்கு அண்ணன், "என் தங்கச்சி. விலங்கியல் படிக்குது" என்றார். தவளையை அறுக்கிற பேச்சை அன்றோடு அவர் விட்டுவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணன் செய்த முதல் வேலை, களத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. "இனிமே எவன் பாம்பு அடிச்சாலும் தலைய வுட்டுட்டு அடிங்கடா. தங்கச்சி பாக்கணும்." கண்ணில் முகம் பதியுமே, ஜோடி வருமே என்று கேட்டவர்களுக்கு, "வந்தா என் வூட்டுக்கு வரட்டும்" என்று பதில் சொன்னார். வேர் கட்டும் பெரியவரே ஒருநாள் ஒரு பாம்பைக் குச்சியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, முதுகு வரிசை எது என்று காட்டச் சொல்லித் தெரிந்துகொண்டு போனார். அதன் பிறகு நான் விடுமுறைக்கு வந்தால் போதும், தலை முழுசாக உள்ள பாம்புகள் வாசலுக்கு வர ஆரம்பித்தன. அம்மா அதற்கென்று ஒரு பழைய குண்டானை ஒதுக்கிவைத்தாள்.

படிப்பு முடிந்த வருடம் பாரூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. காப்பித் தட்டை என் கையில் கொடுத்து, குனிந்த தலை நிமிராமல் நட என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். நான் அடுப்பங்கரை வாசற்படியைத் தாண்டவில்லை, அதற்குள் தெருவில் சத்தம். மேட்டுத் தெருவில் ஒரு கூலிக்காரரைப் பாம்பு கடித்துவிட்டது, அதை அடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"அக்கா, தலைய அடிக்கல! முழுசா இருக்குது, வந்து பாருங்க!"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அண்ணி வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ போயிப் பாரு. காப்பி ஆறுனா மறுபடி வெச்சுக்கலாம்."

பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். வாலைப் பிடித்தேன். உருண்டை. உள்ளே மாப்பிள்ளையின் அம்மா, பொண்ணு எங்க போச்சு என்று கேட்பது காதில் விழுந்தது. டம்ளர்கள் வைக்கும் சத்தத்துக்கு நடுவே அண்ணியின் குரல் கேட்டது.

"பாம்பு பாக்கப் போயிருக்குதுங்க. அது பாத்துச் சொன்னதாலதான் நான் இங்க நின்னு உங்களுக்குக் காப்பி குடுக்கறன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்தக் கேள்வியில் நின்றேன் என்று தெரியவில்லை, செதிலெல்லாம் கலங்கித் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வாலிலிருந்து ஆரம்பித்தேன்.